டெர்பி ஜெயிச்சாச்சு... அடுத்த ரேஸ் வேண்டாமாம்! ஒரு குதிரையைச் சுற்றி நடந்த பெரிய பஞ்சாயத்து

2025 மே 3. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். மழை. சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தின் மண் தளம் சேறாகிக் கிடக்கிறது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் நனைந்துகொண்டே நிற்கிறார்கள். 19 குதிரைகள் ஓடுகின்றன. தொடக்கத்தில் வெகு பின்னால் வந்துகொண்டிருந்த சாவரின்டி என்ற மூன்று வயது ஆண் குதிரை, கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக வந்து ஒவ்வொன்றாகத் தாண்டுகிறது. பலரும் பணம் கட்டியிருந்த குதிரையான ஜர்னலிசத்தையும் (ஆமாம், பேரே அதுதான்) தாண்டி, ஒன்றரை லெங்த் வித்தியாசத்தில் கென்டக்கி டெர்பியை ஜெயிக்கிறது. ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம். பரிசு 31 லட்சம் டாலர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 26 கோடி ரூபாய்.

இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்பது அமெரிக்காவில் சின்னப் பசங்களுக்கும் தெரியும். டெர்பி ஜெயித்த குதிரை இரண்டு வாரம் கழித்து பால்டிமோர் போகும், ப்ரீக்னெஸ் பந்தயத்தில் ஓடும். அதையும் ஜெயித்தால் அடுத்த மூன்று வாரத்தில் பெல்மான்ட். மூன்றையும் ஜெயித்தால் 'டிரிப்பிள் கிரவுன்'. 1919-ல் இருந்து இதுவரை 13 குதிரைகள்தான் அந்தக் கிரீடத்தைச் சூடியிருக்கின்றன. 1978-க்குப் பிறகு 2015 வரை ஒன்றுகூட இல்லை. கடைசியாகச் சூடியது 2018-ல் ஜஸ்டிஃபை.

அந்த வாய்ப்பு கையில் இருக்கும் ஒரே குதிரை சாவரின்டி. டெர்பி முடிந்த மூன்றாவது நாள் அதன் டிரெய்னர் பில் மாட் தகவல் சொல்லிவிட்டார்: ப்ரீக்னெஸுக்கு வரவில்லை.

அவ்வளவுதான். தொலைக்காட்சி, பத்திரிகை, சமூக வலைதளம் என எல்லா இடத்திலும் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது. 'குதிரைக்கு ஏதாவது அடியா?' இல்லை. 'பணப் பிரச்னையா?' இந்தக் குதிரையின் உரிமையாளர் துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமதுவின் கோடால்பின் நிறுவனம். அங்கே பணத்துக்கா பஞ்சம்? 'அப்போ என்னதான் பிரச்னை?' ஒரு பிரச்னையும் இல்லை, குதிரைக்கு நேரம் கொடுத்தால் வருஷம் முழுக்க நல்லா ஓடும் என்று நினைக்கிறோம்... இதுதான் பதில்.

நம்மில் பலருக்கு ரேஸ் என்றால் பழைய சினிமாவில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு கையில் டிக்கெட்டோடு நிற்கிற அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். பணம் கட்டுகிறவனுக்கு எந்தக் குதிரை என்பதுதான் கேள்வி. ஆனால், லாயத்துக்குள்ளே இருப்பவர்களின் கேள்வி வேறு. இந்தக் குதிரைக்கு எந்த ரேஸ்? ஒரு நல்ல குதிரையின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலில்தான் இருக்கிறது. சாவரின்டியின் கதை அதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம்.

படிப்படியாக ஏறிய குதிரை

தரோபிரெட் இனக் குதிரைகளுக்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. வட பூகோளத்தில் எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1-ம் தேதிதான் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள். பிப்ரவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள். டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றும் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும். அதாவது, வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஓட முடியும். விட்டால் விட்டதுதான், அடுத்த வருஷம் அட்டெம்ப்ட் எழுதுவதெல்லாம் கிடையாது. பஞ்சாயத்து இத்தனை சூடாக இருந்ததற்குக் காரணமே இதுதான்.

இளம் குதிரை முதலில் ஓடுவது 'மெய்டன்' பந்தயத்தில். இதுவரை ஒரு முறைகூட ஜெயிக்காத குதிரைகளுக்கான பந்தயம் அது. அதில் ஜெயித்தால் அடுத்த படி, அப்புறம் 'ஸ்டேக்ஸ்' எனப்படும் பெரிய பந்தயங்கள். அவற்றிலும் கிரேடு 3, கிரேடு 2, கிரேடு 1 என்று படிகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் 'கிளெய்மிங்' பந்தயங்கள். அதில் ஓடுகிற குதிரையை, முன்கூட்டி அறிவித்த விலையைக் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம். சுலபமாக ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று நல்ல குதிரையைத் தவறான படியில் இறக்கினால், பந்தயம் முடிந்து திரும்பும்போது கையில் கயிறு மட்டும்தான் மிஞ்சும்.

சாவரின்டி 2024-ல் இரண்டு வயதில் முதல் இரண்டு பந்தயங்களிலும் ஜெயிக்கவில்லை. சாதாரணமாக என்ன செய்வார்கள்? இன்னொரு மெய்டன் பந்தயம் தேடுவார்கள். மாட் அதைச் செய்யவில்லை. ஒரு வெற்றிகூட இல்லாத குதிரையை அக்டோபர் கடைசியில் கிரேடு 3 பந்தயமான ஸ்ட்ரீட் சென்ஸ் ஸ்டேக்ஸில் இறக்கினார். ஐந்து லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. இந்தப் பந்தயம் நடந்ததும் சர்ச்சில் டவுன்ஸில், டெர்பி நடக்கிற அதே மண்ணில்! ஆறு மாதம் முன்னாடியே பையனைத் தேர்வு மையத்துக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வந்த மாதிரி.

அப்புறம் நான்கு மாதம் ஓய்வு. 2025 மார்ச் 1-ல் ஃப்ளோரிடாவில் ஃபவுன்டன் ஆஃப் யூத் பந்தயம், வெற்றி. மார்ச் 29-ல் ஃப்ளோரிடா டெர்பி, இரண்டாம் இடம். வழக்கமான ஜாக்கி ஜூனியர் அல்வரடோ காயம்பட்டிருந்ததால் அன்று வேறொருவர் ஓட்டினார். கென்டக்கி டெர்பிக்கு 20 இடம்தான். அதற்கு 2013-ல் இருந்து புள்ளிக் கணக்கு இருக்கிறது. தகுதிப் பந்தயங்களில் எடுக்கும் புள்ளிகளை வைத்துத்தான் இடம். இந்த மூன்று பந்தயங்களில் கிடைத்த 110 புள்ளிகளே சாவரின்டிக்குப் போதும். அதனால் ஏப்ரல் முழுக்க ஓட வேண்டிய அவசியமே வரவில்லை.

தூரத்தையும் கவனியுங்கள். எட்டரை ஃபர்லாங், மறுபடியும் எட்டரை, அப்புறம் ஒன்பது, டெர்பியில் பத்து. (நம்ம தாத்தாக்கள் 'ரெண்டு ஃபர்லாங் நடந்தா கோயில் வந்துடும்'னு சொல்வாங்களே, அதே ஃபர்லாங்தான். சுமார் 200 மீட்டர்.) ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியிருக்கிறார்.

பில் மாட்டுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. 1990-களில் சிகார் என்ற குதிரை அவரிடம் இருந்தது. புல்தரையில் ஓடிக்கொண்டிருந்த அது, சுமாரான குதிரை என்று பெயர் வாங்கியிருந்தது. 1994 அக்டோபரில் மாட் அதை மண் தளத்துக்கு மாற்றினார். எட்டு லெங்த்தில் ஜெயித்தது. அதிலிருந்து தொடர்ந்து 16 வெற்றிகள். 1996-ல் நடந்த முதல் துபாய் உலகக் கோப்பையும் அதில் அடக்கம். குதிரை அதேதான், ஓடவிட்ட தளம்தான் மாறியது. (இவ்வளவு ஜெயித்த சிகார், இனப்பெருக்கப் பண்ணைக்குப் போனதும் மலடு என்று தெரியவந்தது தனிக் கதை.)

கோடால்பினுக்கும் பழைய அனுபவம் உண்டு. 1999-ல் இருந்து சில வருஷங்கள் துபாயிலேயே தயார் செய்த குதிரைகளை விமானத்தில் ஏற்றி, நேராக கென்டக்கி டெர்பிக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடைசியில் டெர்பியை அவர்களுக்கு முதல்முறையாக வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவில் அவர்கள் பண்ணையிலேயே பிறந்து, அமெரிக்கப் பந்தயங்களிலேயே படிப்படியாக ஏறிய ஒரு குதிரை.

அந்த இரண்டு வாரம்

சரி, ப்ரீக்னெஸ் ஏன் வேண்டாம்?

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். மார்ச் 29, ஃப்ளோரிடா டெர்பி. ஐந்து வாரம் கழித்து மே 3, கென்டக்கி டெர்பி. ப்ரீக்னெஸ் மே 17. பெல்மான்ட் ஜூன் 7. ப்ரீக்னெஸை எடுத்துவிட்டால் மறுபடியும் சரியாக ஐந்து வாரம்! அந்தக் குதிரைக்குப் பழகிப்போன இடைவெளி. ப்ரீக்னெஸைச் சேர்த்தால் ஐந்து வாரத்தில் மூன்று பெரிய பந்தயம், மூன்று மாநிலம், ஒவ்வொன்றுக்கும் இடையில் பயணம்.

இன்னொரு விஷயத்தை பலர் கவனிக்கவில்லை. நியூயார்க்கில் பெல்மான்ட் பார்க் மைதானத்தை இடித்துக் கட்டுவதால் 2024-ல் இருந்து பெல்மான்ட் ஸ்டேக்ஸ் சரடோகா மைதானத்துக்கு மாறியிருக்கிறது. வழக்கமான 12 ஃபர்லாங்கும் அங்கே 10 ஆகிவிட்டது. மாட் கோடைக்காலம் முழுக்க முகாம் போடுவது அதே சரடோகாவில்தான். ஜூலையில் ஜிம் டேண்டி, ஆகஸ்டில் டிராவர்ஸ் என அடுத்த இரண்டு முக்கியப் பந்தயங்களும் அங்கேதான். ஆக, ப்ரீக்னெஸை விட்டதால் குதிரைக்கு ஓய்வு மட்டும் கிடைக்கவில்லை. கோடை முழுக்க ஒரே ஊர், ஒரே லாயம், பழகிய ஆட்கள் என்ற வசதியும் கிடைத்தது. பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் பரிசுத் தொகையைப் பார்ப்பது மட்டும் இல்லை. குதிரை எத்தனை முறை வண்டி ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதும் கணக்கில் வரும். பயணத்தில் தண்ணீர் குடிக்காமல், தீனி எடுக்காமல் வாடிப்போகிற குதிரைகள் நிறைய.

ஓடுகிற விதம் வேறு இருக்கிறது. சாவரின்டி முதலில் நிதானமாகப் பின்னால் வந்து, கடைசியில் வேகம் எடுக்கிற ரகம். ப்ரீக்னெஸ் ஒன்பதரை ஃபர்லாங், டெர்பியைவிட அரை ஃபர்லாங் குறைவு. கடைசியில் எட்டிப் பிடிக்கிற குதிரைக்கு அந்த நூறு மீட்டர் சும்மா இல்லை.

அப்புறம் எதிர்காலக் கணக்கு. உயர்ந்த ரகப் பந்தயக் குதிரையின் பெரிய வருமானம் ஓடும்போது வருவதில்லை. ஓடி முடித்து இனப்பெருக்கப் பண்ணைக்குப் போன பிறகுதான் வரும். சாவரின்டியின் அப்பா இன்டு மிஸ்சீஃப். அதனோடு ஒரு பெண் குதிரையைச் சேர்த்து குட்டி எடுக்க 2025-ல் கட்டணம் 2,50,000 டாலர். ஒரு குட்டிக்கு இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்! இப்படிப்பட்ட ஆண் குதிரைகளுக்கு ஒரு வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகள். மூன்று வயதில் ஒரு காலை உடைத்துக்கொண்டால் இது மொத்தமும் போச்சு. 'குதிரையின் நலனுக்காக' என்று சொல்லும்போது அதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். இருக்கலாம். இந்த விஷயத்தில் உரிமையாளரின் லாபமும் குதிரையின் நலனும் ஒரே பக்கம் நின்றது குதிரையின் அதிர்ஷ்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். எல்லாக் குதிரைக்கும் அப்படி அமைவதில்லை.

ரசிகர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கு

2025-ல் நடந்தது 150-வது ப்ரீக்னெஸ். பழைய பிம்லிகோ மைதானத்தை இடிப்பதற்கு முன் அங்கே நடக்கும் கடைசிப் பந்தயம் வேறு. டெர்பி ஜெயித்த குதிரை இல்லாமல் அந்த விழா நடந்தது. 2022-ல் ரிச் ஸ்ட்ரைக்கும் இதேபோல வராமல் இருந்துவிட்டது. கல்யாணத்துக்கு மண்டபம், பந்தல், சாப்பாடு எல்லாம் ரெடி, மாப்பிள்ளை மட்டும் வரவில்லை என்றால் பெண் வீட்டார் எப்படி இருப்பார்கள்? மேரிலாண்ட் மாநிலத்துக்காரர்களின் கோபம் அப்படித்தான் இருந்தது.

'அந்தக் காலத்துக் குதிரை எல்லாம் ஓடலையா?' என்பது அடுத்த கேள்வி. ஓடியது. முதல் டிரிப்பிள் கிரவுன் குதிரையான சர் பார்ட்டன் 1919-ல் டெர்பி ஓடி நான்கே நாளில் ப்ரீக்னெஸும் ஓடி ஜெயித்தது. 1948-ல் சைட்டேஷன், ப்ரீக்னெஸுக்கும் பெல்மான்ட்டுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் இன்னொரு பந்தயத்தையும் ஓடி ஜெயித்தது. அந்த ஒரே வருஷத்தில் 20 பந்தயம், 19 வெற்றி. 1960-ல் அமெரிக்காவில் ஒரு குதிரை வருஷத்துக்குச் சராசரியாக 11 முறை ஓடியது. இப்போது ஆறு முறை அளவில்தான். இன்றைய குதிரைகள் பலவீனமாகிவிட்டனவா, டிரெய்னர்கள் எச்சரிக்கையாகிவிட்டார்களா என்று விவாதம் முடிந்தபாடில்லை. வேகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்ததில் எலும்பு உறுதி குறைந்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. பணம் பண்ணையில் இருக்கும்போது மைதானத்தில் எதற்கு ரிஸ்க் எடுப்பார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பொருந்துகிற மாதிரி தெரிகிறது. முதலாவதையும் தள்ளிவிட முடியாது.

இதற்கு நடுவே பயம் என்று ஒன்று இருக்கிறது. 2006-ல் பார்பரோ என்ற அருமையான குதிரை டெர்பியை ஜெயித்து, இரண்டு வாரத்தில் ப்ரீக்னெஸுக்கு வந்தது. பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் பின்னங்கால் நொறுங்கியது. எட்டு மாதம் சிகிச்சை பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் அது பிழைத்துவிடும் என்றே நாடு நம்பியது. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்த இரண்டு வார இடைவெளிதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நல்ல ஓய்வோடு வந்த குதிரைக்கும் கால் உடைவதுண்டு. 2008 டெர்பியில் இரண்டாவதாக வந்த எய்ட் பெல்ஸ், எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு இரண்டு முன்னங்கால்களும் உடைந்து அந்த மைதானத்திலேயே முடிந்துபோனது. 2023-ல் டெர்பியை ஒட்டிய சில வாரங்களில் சர்ச்சில் டவுன்ஸில் 12 குதிரைகள் இறந்ததில், மீதிப் பந்தயங்களையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். அரை டன் எடை, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், அதைத் தாங்குவது நம் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய கால். இத்தனையும் பார்த்த ஒரு டிரெய்னர் 'இரண்டு வாரத்தில் மறுபடியுமா?' என்று யோசித்தால் அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

என் கேள்வி வேறு. ரசிகர்களின் கோபம் போக வேண்டிய இடம் மாட்டின் லாயமா, கால அட்டவணை போடுபவர்களின் அலுவலகமா? மூன்று பந்தயமும் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துவது. ஆளுக்கொரு தொலைக்காட்சி ஒப்பந்தம், ஆளுக்கொரு கணக்கு. 'மரபு, மரபு' என்கிறார்கள். அந்த மரபே எத்தனையோ முறை மாறியிருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது பெல்மான்ட் முதலில் ஜூனிலும், டெர்பி செப்டம்பரிலும், ப்ரீக்னெஸ் அக்டோபரிலும் நடந்தன. வரிசையே தலைகீழ். வானம் இடிந்து விழவில்லை.

ஓடிப் பார்த்த குதிரை என்ன ஆச்சு?

இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்தது ஜர்னலிசம்தான். டெர்பியில் தோற்ற அந்தக் குதிரை இரண்டே வாரத்தில் ப்ரீக்னெஸுக்கு வந்தது. கடைசித் திருப்பத்தில் இரண்டு பக்கமும் குதிரைகள் நெருக்கி இடிக்க, சந்து கிடைக்காமல் திணறி, எப்படியோ நடுவில் பிளந்துகொண்டு வெளியே வந்து அரை லெங்த்தில் ஜெயித்தது. பார்த்தவர்களால் மறக்க முடியாத ஓட்டம். அதோடு நிற்காமல் மூன்று வாரத்தில் பெல்மான்ட்டுக்கும் வந்தது.

ஜூன் 7, சரடோகா. ஒன்று, ஐந்து வாரம் ஓய்வெடுத்து வந்த குதிரை. மற்றொன்று, மூன்றாவது பந்தயத்துக்காக நாட்டைச் சுற்றி வந்த குதிரை. சாவரின்டி மூன்று லெங்த்தில் ஜெயித்தது. ஜர்னலிசம் இரண்டாவது, பேஸா மூன்றாவது. டெர்பியில் எந்த வரிசையோ அதே வரிசை!

'பார்த்தீங்களா, மாட் சொன்னது சரி' என்றது ஒரு கூட்டம். 'அய்யோ, ப்ரீக்னெஸும் ஓடியிருந்தால் 14-வது டிரிப்பிள் கிரவுன் வந்திருக்குமே' என்றது இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் ஒரே முடிவைப் பார்த்துத்தான் பேசினார்கள். ப்ரீக்னெஸ் ஓடியிருந்தால் பெல்மான்ட்டுக்கு இதே சாவரின்டி வந்திருக்குமா என்பதற்கு ஒருத்தரிடமும் பதில் இல்லை.

ஓய்வு கொடுத்தால் வெற்றி நிச்சயம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன ரிச் ஸ்ட்ரைக் இருக்கிறதே, டெர்பியில் 80-க்கு ஒன்று என்ற விகிதத்தில் யாரும் எதிர்பாராமல் ஜெயித்த குதிரை. அதுவும் ஐந்து வாரம் ஓய்வெடுத்து பெல்மான்ட்டுக்கு வந்தது. வந்தது ஆறாவது இடம்.

ஜர்னலிசமும் ஓடியதால் ஓய்ந்துவிடவில்லை. ஜூலையில் நியூஜெர்சியில் ஹாஸ்கெல் பந்தயத்தை ஜெயித்தது. சாவரின்டி ஜூலையில் ஜிம் டேண்டி, ஆகஸ்ட் 23-ல் டிராவர்ஸ் என்று சரடோகாவிலேயே தொடர்ந்து ஜெயித்தது. டிராவர்ஸில் வித்தியாசம் பத்து லெங்த். அன்றைக்கு அந்தக் குதிரையைப் பார்த்தவர்களுக்கு மே மாதப் பஞ்சாயத்து எல்லாம் மறந்தே போயிருக்கும்.

டெர்பியையே வேண்டாம் என்ற இன்னொருவர்

இடைவெளிக்காக ஒரு பந்தயத்தை விடுவது ஒரு வகை என்றால், தூரத்துக்காக விடுவது இன்னொரு வகை. இங்கிலாந்தில் 2011-ல் அப்படி ஒன்று நடந்தது. அங்கே மூன்று வயதுக் குதிரைகளுக்கு முதல் பெரிய பந்தயம் 2000 கினீஸ், எட்டு ஃபர்லாங். அதை ஃபிராங்கெல் என்ற குதிரை ஆறு லெங்த்தில் ஜெயித்தது. தொடக்கத்திலிருந்தே முன்னால் பறந்து, மற்ற குதிரைகளைத் தொலைவில் விட்டுவிட்டு வந்த ஓட்டம் அது. அடுத்தது எப்சம் டெர்பி, 12 ஃபர்லாங். உலகத்தில் டெர்பி என்ற பெயரில் நடக்கிற பந்தயங்களுக்கெல்லாம் தாய். நம்ம மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பியும் அதே 2,400 மீட்டர்தான்.

ஃபிராங்கெலின் அப்பா கலிலியோ எப்சம் டெர்பியை ஜெயித்த குதிரை. ரத்தத்தில் தூரம் இருக்கிறது. ஆனால், டிரெய்னர் ஹென்றி செசில் குதிரையின் குணத்தைப் பார்த்தார். அது லகானை இழுத்துக்கொண்டு ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் பாய்கிற குதிரை. 12 ஃபர்லாங்கில் அப்படிப் பாய்ந்தால் பாதியிலேயே மூச்சு முட்டிவிடும். செசில் தானே நான்கு முறை எப்சம் டெர்பியை ஜெயித்தவர், அந்தப் பந்தயத்தின் அருமை அவருக்குத் தெரியாததா? வேண்டாம் என்றார். அந்த வருஷத்தின் மீதிப் பந்தயங்களிலும் எட்டு ஃபர்லாங்கிலேயே வைத்திருந்தார். நிதானமாக ஓடக் கற்றுக்கொண்ட பிறகு, நான்கு வயதில்தான் பத்து ஃபர்லாங் அளவுக்கு நீட்டினார். 14 பந்தயம், 14 வெற்றி. தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றது ஃபிராங்கெல். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட செசில், 2013-ல் காலமானார்.

அது ஓடாத டெர்பியைப் பற்றி இன்று யாரும் கேட்பதுகூட இல்லை.

தெர்மாமீட்டர் சொன்ன தீர்ப்பு

மாட்டின் திட்டம் முழுக்க எதற்காக? வருஷக் கடைசியில் நவம்பர் 1-ம் தேதி கலிஃபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் நடக்கும் பிரீடர்ஸ் கப் கிளாசிக். அங்கே வயதுக் கட்டுப்பாடு குறைவு; மூன்று வயதுக் குதிரைகள், மூத்த குதிரைகளோடு மோத வேண்டும். டிராவர்ஸ் முடிந்ததும் பத்து வாரம் வேறு எங்கும் ஓடவிடவில்லை. ப்ரீக்னெஸை விட்டுக்கொடுத்துச் சேர்த்து வைத்த பலத்தை எல்லாம் அந்த ஒரு நாளுக்காக வைத்திருந்தார்.

பந்தய வாரத்தில் சாவரின்டிக்குக் காய்ச்சல். கலிஃபோர்னியா வரை வந்துவிட்ட குதிரை, ஓடாமலே விலகியது.

அந்தப் பந்தயத்தை ஜெயித்தது ஜப்பானின் ஃபாரெவர் யங். ஜப்பானில் பயிற்சி பெற்ற குதிரை ஒன்று அந்தப் பந்தயத்தை ஜெயித்தது அதுவே முதல்முறை. இந்தக் குதிரை 2024-ல் மூன்று வயதில் சவுதி, துபாய் என்று சுற்றிவிட்டு கென்டக்கி டெர்பிக்கு வந்து, மூக்கு நுனி வித்தியாசத்தில் மூன்றாவதாக வந்தது. இவ்வளவு விமானம் ஏறி இறங்கிய குதிரை ஒரு வருஷம் கழித்து வந்து ஜெயிக்கிறது! பயணம் குதிரையைக் கெடுக்கும் என்று மேலே எழுதிய நானே கொஞ்சம் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. வண்டி ஏறினால் வாடும் குதிரையும் இருக்கிறது, எந்த நாட்டில் இறக்கிவிட்டாலும் தீனியைக் காலி செய்யும் குதிரையும் இருக்கிறது. ஜர்னலிசமும் அன்று ஓடியது, நான்காவது இடம்.

மூன்று பந்தயத்திலும் ஓடிய ஜர்னலிசம் நவம்பர் வரை நின்று ஓடியது. ஓய்வு கொடுத்துப் பொத்திப் பொத்தி வைத்த சாவரின்டி லாயத்தில் படுத்திருந்தது. இதை வைத்து மாட் தப்பு செய்தார் என்றும் சொல்ல முடியாது. மே மாதம் எடுத்த முடிவுக்கும் அக்டோபர் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லை. பெல்மான்ட், ஜிம் டேண்டி, டிராவர்ஸ் மூன்றும் அந்த முடிவால் கிடைத்தவை. காய்ச்சலோடு ஓடவிடாமல் விலக்கியதும் அதே ஆள்தான். இத்தனை பெரிய பந்தயத்தில், இத்தனை பேர் காத்திருக்கும்போது, அந்த வருஷத்தில் இரண்டாவது முறையாக அவர் வேண்டாம் என்றார். இந்த முறை யாரும் சண்டைக்கு வரவில்லை.

2026-ல் டெர்பி மே 2-ம் தேதி. பிம்லிகோவில் கட்டுமான வேலை நடப்பதால் ப்ரீக்னெஸ் அதே மாநிலத்தில் லாரல் பார்க் மைதானத்துக்கு மாறுகிறது, மே 16. மறுபடியும் அதே இரண்டு வாரம்தான். டெர்பி ஜெயித்த குதிரை எதுவோ, மறுநாள் காலை அதன் லாயத்துக்கு வெளியே நிருபர்கள் மைக்கோடு நிற்பார்கள். உள்ளே டிரெய்னர் குனிந்து முன்னங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார், சூடு இருக்கிறதா என்று.